பக்கம் பாதியில் நிற்கிறதா? ஆன்டிவைரஸை அணைப்பதற்கு முன்

கேள்வி இதுதான்: சில இணையப் பக்கங்கள் மட்டும் அரைகுறையாக வருகின்றன. எழுத்து வருகிறது, படம் வருவதில்லை. பொத்தானை அழுத்தினால் அசைவே இல்லை. ஒன்றிரண்டு தளங்கள் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று சொல்லி உள்ளேயே விடுவதில்லை. ஆன்டிவைரஸை அணைத்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது. பிரவுசரை நீக்கிவிட்டு மறுபடி போட்டும் பலனில்லை. பேசாமல் ஆன்டிவைரஸை அணைத்தே வைத்துவிடலாமா?

வேண்டாம். ஆனால் நீங்கள் அணைத்துப் பார்த்தது வீண்போகவில்லை, பாதி விடை அதிலேயே இருக்கிறது. அந்த மென்பொருளின் எந்தப் பகுதி, பக்கத்தின் எந்தக் கோப்பைத் தடுக்கிறது என்பது மீதிப் பாதி. அது தெரிந்துவிட்டால் அந்த ஓர் இடத்தில் மட்டும் வழிவிட்டால் போதும். பூட்டு மக்கர் செய்கிறது என்று கதவையே கழற்றி வைக்க வேண்டியதில்லை.

முதலில், நாம் 'ஒரு பக்கம்' என்று சொல்வது ஒரே பொருள் அல்ல. செய்தித் தளம் ஒன்றைத் திறந்தால் நூறு கோப்புகளுக்கு மேல்கூட இறங்கும். மூல ஆவணம் ஒரு முகவரியிலிருந்து வரும், அழகுபடுத்தும் சிஎஸ்எஸ் கோப்பு இன்னொன்றிலிருந்து, எழுத்துரு வேறொன்றிலிருந்து, பொத்தான்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நாலைந்து இடங்களிலிருந்து. பாதுகாப்பு மென்பொருள் பெரும்பாலும் முழுப் பக்கத்தையும் மறிப்பதில்லை, இந்தக் கூட்டத்தில் ஒன்றிரண்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எதைப் பிடித்தது என்பதைப் பக்கத்தின் கோலமே காட்டிக்கொடுக்கும். சிஎஸ்எஸ் வராவிட்டால் பின்னணி வெள்ளையாகிவிடும், எழுத்தெல்லாம் இடது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், மேலே அழகாக இருந்த மெனு அடிக்கோடிட்ட நீலச் சுட்டிகளாக ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும். சில தளங்களில் தேடல் பெட்டியின் சின்னஞ்சிறு பூதக்கண்ணாடிப் படம் திரை முழுக்க ஊதிப்போய் நிற்கும், ஏனென்றால் அதன் அளவைச் சொல்ல வேண்டிய கோப்புதான் வரவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் வராவிட்டால் நேர்மாறு. பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், எதை அழுத்தினாலும் நடக்காது, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இனி, தடுப்பவர் யார்? இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஒரு சாதாரணக் கணினியில் இணையப் போக்குவரத்தின் மேல் கை வைக்கும் உரிமை ஐந்தாறு பேருக்கு இருக்கிறது: பிரவுசரில் நீங்கள் சேர்த்த எக்ஸ்டென்ஷன்கள், பிரவுசரின் சொந்தக் கண்காணிப்புத் தடுப்பு, ஆன்டிவைரஸின் வலைக் கவசம், உங்கள் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன், ரவுட்டரில் உள்ள வடிகட்டி, தளப்பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவை. இவர்களில் யார் என்பதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

அதே பக்கத்தைத் தனிப்பட்ட சாளரத்தில், அதாவது இன்காக்னிட்டோவில் திறந்து பாருங்கள். அங்கே எக்ஸ்டென்ஷன்கள் பொதுவாக ஓடுவதில்லை, நீங்களே அனுமதி கொடுத்திருந்தால்தான் உண்டு. அங்கே சரியாக வந்தால் குற்றவாளி எக்ஸ்டென்ஷன், அல்லது பழைய குக்கி, அதாவது தளம் பிரவுசரில் விட்டுவைத்த சிறு குறிப்பு. வரவில்லையா, வேறொரு பிரவுசரில் பாருங்கள். அங்கே வந்தால் முதல் பிரவுசரின் உள்ளமைப்பில் ஏதோ இருக்கிறது. எந்த பிரவுசரிலும் வரவில்லை, ஆனால் அதே வைஃபையில் இருக்கும் கைப்பேசியில் வருகிறது என்றால் கணினியில் ஓடும் ஆன்டிவைரஸோ, எந்த இணைப்பை விடுவது எதை மறிப்பது என்று பார்க்கும் ஃபயர்வாலோ, விபிஎன்னோதான். கைப்பேசியிலும் வரவில்லை, ஆனால் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பார்த்தால் வருகிறது என்றால் ரவுட்டர் அல்லது டிஎன்எஸ். எங்கேயும் வரவில்லை என்றால் உங்கள் வீட்டில் குற்றம் தேடாதீர்கள், கோளாறு தளத்தின் பக்கம்.

இதைவிடத் துல்லியமாகத் தெரிய வேண்டுமா, எஃப்12 விசையை அழுத்துங்கள். பயப்பட ஒன்றுமில்லை. கீழேயோ பக்கவாட்டிலோ ஒரு பலகை திறக்கும். அதில் 'நெட்வொர்க்' என்ற தாவலைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். இறங்கும் ஒவ்வொரு கோப்பும் ஒரு வரியாக வரும், இறங்காதவை சிவப்பில் நிற்கும். பக்கத்துத் தாவலான 'கன்சோல்' அதற்கான காரணத்தைச் சொல்லும். குரோமிலும் எட்ஜிலும் 'பிளாக்ட் பை கிளையன்ட்' என்று முடியும் பிழை வந்தால் அது அநேகமாக விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷனின் வேலை. அந்த 'கிளையன்ட்' நீங்கள்தான், அதாவது உங்கள் பிரவுசர். 'செர்ட் அத்தாரிட்டி இன்வேலிட்' என்றால் சான்றிதழ்ச் சிக்கல், அதாவது தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் ஆவணத்தை பிரவுசர் நம்பவில்லை. 'நேம் நாட் ரிசால்வ்ட்' என்றால் அந்தப் பெயருக்கு டிஎன்எஸ் முகவரி தரவில்லை, அங்கேயே மறைத்திருக்கலாம். 'கனெக்‌ஷன் ரீசெட்' என்றால் நடுவில் யாரோ இணைப்பை வெட்டியிருக்கிறார்கள், பெரும்பாலும் ஃபயர்வால். 'பிளாக்ட் பை அட்மினிஸ்ட்ரேட்டர்' என்றால் அந்தக் கணினிக்கு ஒரு நிர்வாகக் கொள்கை போடப்பட்டிருக்கிறது.

எக்ஸ்டென்ஷன் கதை எளிது. விளம்பரத் தடுப்பான்கள் ஈஸிலிஸ்ட், ஈஸிபிரைவசி போன்ற பட்டியல்களை வைத்துக்கொண்டு முகவரியில் சில சொற்கள் வந்தாலே கோப்பை நிறுத்திவிடும். ஒருமுறை நண்பர் ஒருவர் தன் தளத்தின் முகப்புப் படம் பாதிப் பேருக்குத் தெரியவில்லை என்று புலம்பினார். சர்வரை மாற்றினார், படத்தைச் சிறிதாக்கினார், ஒன்றும் நடக்கவில்லை. எஃப்12 போட்டுப் பார்த்தால் அந்தப் படக் கோப்புக்கு அவர் வைத்திருந்த பெயர் 'ஆட்-பேனர்'. விளம்பரமே இல்லை, அது அவர் வரைந்த ஓவியம். பெயரை மாற்றியதும் எல்லோருக்கும் தெரிய ஆரம்பித்தது. நீங்கள் தளம் நடத்துபவராக இருந்தால் 'ஆட்ஸ்', 'பேனர்', 'ட்ராக்' போன்ற சொற்களைக் கோப்புப் பெயரில் வைக்காதீர்கள். பார்வையாளராக இருந்தால் யூபிளாக் ஆரிஜின் போன்றவற்றில் அந்த ஒரு தளத்துக்கு மட்டும் அணைக்கும் பொத்தான் இருக்கிறது, ஒரு சொடுக்குதான்.

பிரவுசரின் சொந்தத் தடுப்பும் இப்படித்தான். ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையின் இடப்பக்கம் கேடய ஐகான், பிரேவ் பிரவுசரில் சிங்க முக ஐகான். ஃபயர்ஃபாக்ஸில் 'ஸ்ட்ரிக்ட்' நிலையில் வைத்திருந்தால் சில தளங்கள் உடையலாம் என்று அமைப்புப் பக்கத்திலேயே எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். இன்னொரு தளத்தின் கணக்கைக் கொண்டு உள்நுழைவது, பக்கத்துக்குள் பதித்த காணொளி, பணம் கட்டும்போது நடுவில் தோன்றும் வங்கிச் சட்டகம் ஆகியவை முதலில் அடிபடும், ஏனென்றால் இவை பெரும்பாலும் வேறொரு தளத்தின் குக்கியை நம்பியிருப்பவை. அந்தத் தளத்துக்கு மட்டும் கேடயத்தை இறக்கிவிட்டு வேலை முடிந்ததும் ஏற்றிவிடுங்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம். ஆன்டிவைரஸ்.

எச்டிடிபிஎஸ் இணைப்பு என்பது உறையிட்டு முத்திரை வைத்த கடிதம். நடுவில் யாரும் படிக்க முடியாது. ஆன்டிவைரஸாலும் முடியாது. ஆனால் அதற்கு உள்ளே இருப்பதைப் பார்த்தாக வேண்டும். அதனால் என்ன செய்கிறது? நிறுவப்படும்போதே தனக்கென்று ஒரு மூலச் சான்றிதழை (மற்ற சான்றிதழ்களுக்கு முத்திரை குத்தும் தலைமைச் சான்றிதழ்) உருவாக்கி, கணினி நம்பும் சான்றிதழ்களின் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. அதன்பிறகு நீங்கள் ஒரு தளத்தைத் திறக்கும்போது ஆன்டிவைரஸ்தான் அந்தத் தளத்தோடு பேசுகிறது. வந்த உறையைப் பிரித்துப் படித்துவிட்டு, புது உறையில் போட்டு, தன் முத்திரையைக் குத்தி உங்கள் பிரவுசரிடம் கொடுக்கிறது. பிரவுசர் அந்த முத்திரையை நம்பும்வரை எல்லாம் சரி. நம்பாவிட்டால் 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்ற பக்கம்.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். முகவரிக்கு இடப்பக்கம் உள்ள ஐகானைச் சொடுக்கி, இணைப்பு பற்றிய வரிக்குள் போய்ச் சான்றிதழைத் திறங்கள். 'இஷ்யூட் பை' என்ற இடத்தில் லெட்ஸ் என்கிரிப்ட், டிஜிசெர்ட், கூகுள் டிரஸ்ட் சர்வீசஸ் என்று சான்றிதழ் வழங்கும் அமைப்பு ஏதாவது இருந்தால் அது தளத்தின் அசல் சான்றிதழ். அங்கே உங்கள் ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால் உறை பிரிக்கப்படுகிறது என்று அர்த்தம். ஆன்டிவைரஸ் பெயரும் இல்லை, கேள்விப்பட்ட பெயரும் இல்லை, என்னவோ புரியாத பெயர் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். 2015இல் லெனோவோ மடிக்கணினிகள் சிலவற்றில் முன்கூட்டியே போடப்பட்டிருந்த சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் இதே வேலையைத்தான் செய்தது. எல்லாக் கணினியிலும் முத்திரை குத்தும் ரகசியச் சாவியாக ஒரே சாவியை வேறு வைத்திருந்தது, ஒன்றின் சாவி கிடைத்தால் அத்தனையும் திறந்துவிடும்.

சான்றிதழ்ப் பிழை ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் வருவதற்கும் காரணம் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் நீண்ட காலம் விண்டோஸின் பட்டியலைப் பார்க்காமல் தன் சொந்தப் பட்டியலையே பார்த்துவந்தது. ஆன்டிவைரஸ் விண்டோஸில் மட்டும் தன் முத்திரையைப் பதிந்துவிட்டு, ஃபயர்ஃபாக்ஸை மறந்துவிடும். 2023 நவம்பரில் வந்த 120ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் கணினியின் பட்டியலையும் இயல்பாகவே எடுத்துக்கொள்கிறது. எனவே பழைய பதிப்பு வைத்திருந்தால் புதுப்பித்தாலே சிக்கல் தீர வாய்ப்பு அதிகம். இன்னொன்று, கேட்டால் சிரிப்பீர்கள்: கணினியின் தேதியையும் நேரத்தையும் சரிபாருங்கள். மதர்போர்டின் பேட்டரி தீர்ந்து தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் ஒரு சான்றிதழும் செல்லாது, பழி மட்டும் ஆன்டிவைரஸ் மேல் விழும்.

சரி, இந்த உறை பிரிக்கும் வேலையை நிறுத்தலாமா? வீட்டுக் கணினி என்றால் நிறுத்தலாம் என்பேன். ஆன்டிவைரஸ் அமைப்புகளில் வலைப் பாதுகாப்பு என்ற பிரிவுக்குள் 'எச்டிடிபிஎஸ் ஸ்கேனிங்' அல்லது 'என்கிரிப்டட் கனெக்‌ஷன் ஸ்கேனிங்' என்று ஒரு தெரிவு இருக்கும். அதை மட்டும் எடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். இறங்கும் கோப்பு வட்டில் எழுதப்படும்போது அதைச் சோதிக்கும் காவல் இன்னும் விழித்துத்தான் இருக்கும். பிரவுசரின் சேஃப் பிரவுசிங் தீய முகவரிகளைத் தனியாகத் தடுக்கும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் உறையைப் பிரிக்காமலேதான் காலம் தள்ளுகிறது.

இது என் சொந்தச் சாய்வு மட்டும் அல்ல. கூகுள், மொசில்லா, கிளவுட்ஃபிளேர் ஆகியவற்றைச் சேர்ந்தவர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸின் புதுப்பிப்பு சர்வருக்கு வந்த இணைப்புகளில் நடுவில் பிரிக்கப்பட்டவற்றை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 97 சதவீதம், பிரிக்கப்பட்டதாலேயே முன்பைவிடப் பாதுகாப்புக் குறைந்திருந்தன. பிரவுசர்காரர்கள் ஆண்டுக்கணக்கில் மெருகேற்றிய குறியாக்கத்தைப் பழைய முறையில் திரும்பச் சுற்றிக் கொடுத்தால் வேறென்ன ஆகும்?

பாதுகாப்பு மென்பொருள் நடுவில் உட்கார்ந்து செய்த கோணங்கித்தனங்களில் எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிரவுசர் ஒவ்வொரு கோரிக்கையிலும் 'சுருக்கி அனுப்பினாலும் எனக்குப் புரியும்' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பும். அக்செப்ட்-என்கோடிங் என்பது அந்த வரியின் பெயர். சில பழைய பாதுகாப்பு மென்பொருள்களுக்குச் சுருக்கியதை விரித்துப் படிக்கச் சோம்பல். அதனால் அந்த வரியை எடுத்துவிட நினைத்தன. ஆனால் எடுத்தால் செய்தியின் நீளம் மாறும், கணக்கெல்லாம் மறுபடி போட வேண்டும். என்ன செய்தன தெரியுமா? அத்தனை எழுத்துகளையும் வரிசையாகச் சிறு கோடுகளாக மாற்றிவிட்டன. நீளம் அப்படியே, பொருள் மட்டும் காலி. சர்வரும் 'இவருக்குச் சுருக்கம் தெரியாது போல' என்று நினைத்து முழுக் கோப்பையும் அனுப்பும். அந்தக் கணினிக்காரர் இணையம் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்று தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்.

இப்போதைய மென்பொருள்கள் அந்த அளவுக்குப் போவதில்லை. ஆனால் அரட்டைப் பக்கம், நேரலை ஸ்கோர், தொடர்ந்து எழுத்து வந்துகொண்டே இருக்கும் பக்கம் ஆகியவற்றில் வலைக் கவசம் 'முழுக் கோப்பும் வரட்டும், சோதித்துவிட்டு விடுகிறேன்' என்று காத்திருப்பது உண்டு. அந்தக் கோப்புக்கு முடிவே கிடையாது, அதனால் பக்கம் உறைந்தே இருக்கும். ஆன்டிவைரஸ் சோதிக்காமல் விடும் தளங்களின் பட்டியலில், அதாவது விலக்குப் பட்டியலில், அந்தத் தளத்தைச் சேர்ப்பதுதான் இதற்கு மருந்து.

விலக்குப் பட்டியலைப் பற்றி முக்கியமான ஒன்று. பலர் பக்கத்தின் முகவரியைச் சேர்த்துவிட்டு 'ஒன்றும் மாறவில்லையே' என்பார்கள். தடுக்கப்படுவது பக்கம் அல்ல, அதற்குள் வேறொரு முகவரியிலிருந்து வரும் கோப்பு. நெட்வொர்க் தாவலில் சிவப்பாக நின்ற வரியின் மேல் சுட்டியை வைத்தால் முழு முகவரி தெரியும். சேர்க்க வேண்டியது அதன் தளப்பெயரை. சேர்த்த பிறகு கண்ட்ரோலும் எஃப்5 விசையும் சேர்த்து அழுத்திப் பக்கத்தைப் புதிதாக இறக்குங்கள், இல்லாவிட்டால் பிரவுசர் பழைய அரைகுறைக் கோப்பையே நீட்டும்.

எப்போதோ நீக்கிய ஆன்டிவைரஸும் தொல்லை கொடுக்கும். நீக்கியதாக நீங்கள் நினைப்பீர்கள், அதன் நெட்வொர்க் டிரைவரோ, போக்குவரத்தை ஓர் இடையாள் வழியாக அனுப்பும் பிராக்சி அமைப்போ உள்ளே தங்கியிருக்கும். விண்டோஸின் பிராக்சி அமைப்பில் 127.0.0.1 என்ற முகவரி (உங்கள் கணினியையே குறிப்பது) இன்னும் இருந்தால், இல்லாத ஒருவரிடம் உங்கள் போக்குவரத்து முழுவதும் அனுப்பப்படுகிறது என்று பொருள். அதை அணையுங்கள். பெரிய ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் பலவும் எச்சங்களைத் துடைப்பதற்கென்றே தனி நீக்கக் கருவி தருகின்றன, அதை ஓட்டுங்கள். ஒரே கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ் வைத்திருந்தால், இரண்டும் ஒரே உறையைப் பிரிக்கச் சண்டை போடும். ஒன்றை விட்டுவிடுங்கள்.

டிஎன்எஸ் வடிகட்டிகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். குவாட்9 சேவையின் 9.9.9.9, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.2 ஆகியவை தீய தளங்களின் பெயரைக் கேட்டால் முகவரி தர மறுக்கும். வீட்டு நெட்வொர்க்குக்கான டிஎன்எஸ் வடிகட்டியான பை-ஹோல் வைத்திருப்பவர்களுக்கு 0.0.0.0 என்று பதில் வரும். கட்டளைச் சாளரத்தில் 'என்எஸ்லுக்அப்' (nslookup) கட்டளையோடு அந்தத் தளப்பெயரைக் கொடுத்து, வடிகட்டாத 1.1.1.1இடமும் ஒருமுறை கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பிரவுசரில் மட்டும் பக்கம் வருகிறதா? அந்த பிரவுசர் தன் சொந்தப் பாதுகாப்பான டிஎன்எஸ்ஸை வைத்துக்கொண்டு ரவுட்டரைத் தாண்டிப் போகக்கூடும். குழப்பத்துக்குப் பாதிக் காரணம் இதுதான்.

பழைய ஃபயர்வால் இருக்கும் இடங்களில் 2024க்குப் பிறகு புதுவிதத் தொந்தரவு ஒன்று வந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் வந்த குரோம் 124, எதிர்காலக் குவாண்டம் கணினிகளையும் தாங்கும் குறியாக்கச் சாவிப் பரிமாற்ற முறையை இயல்பாகவே பயன்படுத்தத் தொடங்கியது. அதனால் பிரவுசர் அனுப்பும் முதல் வணக்கச் செய்தியே பெரிதாகி ஒரு பொட்டலத்தில் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) அடங்காமல் இரண்டாகிவிட்டது. 'வணக்கம் ஒரே பொட்டலத்தில்தான் வரும்' என்று நம்பி எழுதப்பட்ட சில கருவிகள் இரண்டாவது பொட்டலத்தைக் கண்டு மிரண்டு இணைப்பை வெட்டின. கருவிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதுதான் சரியான தீர்வு.

எதுவும் பொருந்தாமல் 403 என்ற எண்ணோடு பக்கம் மறுக்கப்பட்டால், தடுப்பது அந்தத் தளத்தின் காவல். விபிஎன்னை அணைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதன் முகவரிதான் கெட்ட பெயர் எடுத்திருக்கும்.

திறக்கக் கூடாத இடமும் உண்டு. முழுத் திரையும் சிவப்பாகி 'ஏமாற்றுத் தளம்' என்று பிரவுசர் சொன்னால், அது மேலே சொன்ன அரைகுறைக் கோளாறு வகை அல்ல. விலக்குப் பட்டியலில் சேர்க்கும் முன் அந்த முகவரியை வைரஸ்டோட்டலில் கொடுத்துப் பாருங்கள். பல நிறுவனங்களின் மென்பொருள்கள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று ஒரே பக்கத்தில் தெரியும். ஒன்றே ஒன்று மட்டும் குறை சொன்னால் தவறான எச்சரிக்கையாக இருக்கலாம், அந்த நிறுவனத்துக்கே முகவரியை அனுப்பித் திருத்தச் சொல்லலாம். நாலைந்து பேர் சொன்னால் மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள். அலுவலகக் கணினியில் மேலே சொன்ன எதையும் நீங்களாகச் செய்யாதீர்கள். அங்கே உறையைப் பிரிப்பது நிறுவனத்தின் முடிவு. சிவப்பு வரியின் படத்தைப் பிடித்து ஐடி பிரிவுக்கு அனுப்பினால் போதும், 'நெட் வேலை செய்யலை' என்று சொல்வதைவிட அது பத்து மடங்கு சீக்கிரம் நடக்கும்.

உங்கள் விஷயத்தில் ஆன்டிவைரஸை அணைத்ததும் எல்லாம் சரியாவதால் முதலில் எச்டிடிபிஎஸ் ஸ்கேனிங்கை மட்டும் எடுத்துப் பாருங்கள். சான்றிதழ்ப் பிழை போய்விடும் என்றே நினைக்கிறேன். அதற்குப் பிறகும் படமும் பொத்தானும் வராவிட்டால், எஃப்12இல் சிவப்பாக நிற்கும் வரிகளையும் 'இஷ்யூட் பை'யில் இருக்கும் பெயரையும் எழுதி அனுப்புங்கள். அதை வைத்து எந்தத் தளப்பெயரை விலக்கில் சேர்ப்பது என்று சொல்கிறேன்.